இணையவழி வகுப்பும் கலப்புக் கற்றலும்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இணையவழியில் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்குத் துணைநிற்பது என் பணி. பயிற்சியின் இடைவேளையில் கேட்பவர்கள், எல்லோரும் கிளம்பிய பின் தயங்கி நின்று கேட்பவர்கள், பல மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் கேட்பவர்கள் எனப் பலரும் அதே ஐயங்களையே எழுப்பியதால் அவற்றைத் தொகுக்கத் தொடங்கினேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். சிலவற்றில் சலிப்பும் எரிச்சலும் தெரியும். அவற்றை நான் மெருகேற்றவில்லை. எளியவை முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால் வருகின்றன.

தொலைநிலைக் கல்வி, இணையவழிக் கற்றல், கலப்புக் கற்றல் எல்லாம் ஒன்றுதானே? பெயர்தானே வேறு?

மூன்றும் ஒரே குடும்பம்தான், ஆனால் ஒன்றல்ல. தொலைநிலைக் கல்வி மூத்தது. 1840-களில் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் சுருக்கெழுத்துப் பாடங்களை அஞ்சல்வழி அனுப்பி, மாணவர்கள் எழுதியனுப்பிய பயிற்சிகளைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். லண்டன் பல்கலைக்கழகம் 1858-இல் வெளியிலிருந்து படிப்பவர்களுக்கும் தன் தேர்வுகளைத் திறந்துவிட்டது. 1969-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வானொலியையும் தொலைக்காட்சியையும் சேர்த்துக்கொண்டது. இணையவழிக் கற்றல் இந்த மரபின் அடுத்த கிளை. பிட்மன் செய்ததில் பாடத்தை அனுப்பியது பாதி வேலைதான். திருத்தித் திருப்பி அனுப்பியது மறுபாதி. அந்த மறுபாதியைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கும்.

கலப்புக் கற்றல் என்பது, தனியே செய்யத்தக்கது எது, கூடியிருக்கும்போது மட்டுமே செய்யத்தக்கது எது என்று பிரித்து, ஒன்று மற்றொன்றின் மேல் அமையும்படி திட்டமிடுவது. வகுப்பில் நடத்திய குறிப்புகளைப் பிடிஎஃப் ஆக்கித் தளத்தில் ஏற்றி வைப்பது கலப்புக் கற்றல் ஆகாது. அது ஒரு கோப்பு அலமாரி, அவ்வளவே.

2020-இல் நாங்கள் நடத்தியதும் இணையவழிக் கல்விதானே? அது எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பிறகும் ஏன் இந்தப் பேச்சு?

அந்த ஆண்டு ஏப்ரலில் யுனெஸ்கோ கணக்குப்படி 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் பள்ளி, கல்லூரிகளுக்குப் போக முடியாமல் இருந்தார்கள். ஒரே வாரத்தில் வகுப்பறையைத் திரைக்கு மாற்றும்படி ஆசிரியர்களிடம் சொல்லப்பட்டது. இதை முன்கூட்டியே உணர்ந்த கல்வியியலாளர் சிலர் 2020 மார்ச் மாதத்திலேயே இதற்கு ‘அவசரகாலத் தொலைநிலைக் கற்பித்தல்’ என்று தனிப்பெயர் வைத்தார்கள். முழுமையான ஓர் இணையவழிப் பல்கலைக்கழகப் பாடத்தைத் தயாரிக்க வழக்கமாக ஆறு முதல் ஒன்பது மாதங்கள் ஆகும் என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

வெள்ளத்தில் படகாகப் பயன்பட்ட கதவை வைத்துப் படகுகளைப் பற்றி முடிவு செய்ய முடியாது. அந்த ஆண்டில் ஆசிரியர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் அது இந்த முறையின் அளவுகோல் அல்ல.

நேரடி வகுப்பைவிடக் கலப்புக் கற்றல் சிறந்தது என்று ஆய்வுகள் சொல்கின்றனவாமே, உண்மையா?

பாதி உண்மை. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து அமெரிக்கக் கல்வித்துறை 2010-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், கலப்பு முறையில் படித்தவர்கள் நேரடி வகுப்பில் மட்டும் படித்தவர்களைவிடச் சராசரியாகச் சற்று மேலான நிலையில் இருந்தார்கள். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த வரியைத்தான். அதே அறிக்கை, கலப்பு முறை மாணவர்களுக்குப் பல ஆய்வுகளில் கூடுதல் கற்றல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன என்றும், எனவே இந்த மேன்மையை இணையம் என்ற ஊடகத்தின் கணக்கில் எழுதக் கூடாது என்றும் எச்சரித்தது. பள்ளி மாணவர்களைப் பற்றிய ஆய்வுகள் அதில் மிகச் சிலவே இருந்தன என்பதையும் அது மறைக்கவில்லை.

என் பார்வையில் அந்த எச்சரிக்கைதான் அறிக்கையின் சாரம். மாணவர் பாடத்தில் கூடுதல் நேரம் ஈடுபட்டால் கூடுதலாகக் கற்கிறார். கலப்பு முறை அந்த நேரத்தை உண்டாக்க உதவினால் நல்லது. உதவாவிட்டால் அது வெறும் செலவு.

ஈடுபாடு, ஈடுபாடு என்கிறீர்கள். வருகைப்பதிவு முழுதாக இருக்கிறது. அது போதாதா?

வருகைப்பதிவு என்பது ஒரு கருவி இணைப்பில் இருந்தது என்பதற்கான சான்று. ஆய்வாளர்கள் ஈடுபாட்டைச் செயல், உணர்வு, சிந்தனை என மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். செயல் வெளியே தெரியும். அதனால் அதை மட்டும் எண்ணுகிறோம். வேலையை நேரத்துக்கு ஒப்படைக்கும் மாணவர் ஒருவர் அதைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்காமலேயே ஒப்படைத்திருக்கலாம்.

நான் ஆசிரியர்களிடம் சொல்லும் எளிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் பாடத்திட்டத்தை எடுத்து அதில் உள்ள வினைச்சொற்களைப் பாருங்கள். ‘விளக்குதல்’, ‘காட்டுதல்’, ‘நினைவூட்டுதல்’ என்று இருந்தால் எல்லாவற்றுக்கும் எழுவாய் நீங்கள்தான். ‘ஒப்பிடுதல்’, ‘கணித்தல்’, ‘பிழை கண்டறிதல்’ என்று இருந்தால் எழுவாய் மாணவர். நாற்பது நிமிட வகுப்பில் மாணவரை எழுவாயாகக் கொண்ட வினைச்சொல் ஒன்றுகூட இல்லையென்றால், எந்தச் செயலியை வாங்கிச் சேர்த்தாலும் ஈடுபாடு வராது. இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான விடைகள் இந்தச் சோதனையின் கிளைகளே.

கேமராவை எல்லோரும் கட்டாயம் ஆன் செய்ய வேண்டும் என்று விதி போடலாமா?

போடாதீர்கள். கேமராவை அணைத்து வைப்பவர்களில் பலர் சோம்பேறிகள் அல்லர். பின்னால் தெரியும் அறையைக் காட்டக் கூச்சம், தன் முகத்தைப் பற்றிய கவலை, வீட்டில் மற்றவர்களின் நடமாட்டம், மெதுவான இணைப்பு என்று காரணங்கள் பல. காணொலிச் சந்திப்பு ஏன் இவ்வளவு களைப்பூட்டுகிறது என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன் 2021-இல் நான்கு காரணங்களை முன்வைத்தார்: மிக நெருக்கத்தில் பல முகங்களின் இடைவிடாத பார்வை, தன் முகத்தையே நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பது, இருந்த இடத்தை விட்டு அசைய முடியாமை, சைகைகளை அனுப்பவும் புரிந்துகொள்ளவும் மூளைக்கு ஏற்படும் கூடுதல் உழைப்பு.

உங்களுக்கு உண்மையில் வேண்டியது முகமா, அவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்ற அறிகுறியா? பெரும்பாலும் இரண்டாவதுதான். அதை அரட்டைப் பெட்டியிலும் கருத்துக்கணிப்பிலும் பகிர்ந்த ஆவணத்திலும் பெற முடியும். வகுப்பின் முதல் மூன்று நிமிடம், சிறு குழுப் பேச்சு, மாணவரே விளக்கும் நேரம் ஆகியவற்றில் மட்டும் கேமராவை வேண்டுகோளாகக் கேளுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. சுவரோடு பேசுவது போல இருக்கிறது. என்ன செய்வது?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலில் உங்கள் வகுப்பின் பதிவு ஒன்றைப் போட்டு, கேள்வி கேட்டதற்கும் நீங்களே மீண்டும் பேசத் தொடங்கியதற்கும் இடையே எத்தனை வினாடி இருந்தது என்று அளந்து பாருங்கள். 1970-களில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளில் இதை அளந்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. தாமாக முன்வந்து பேசியவர்கள் கூடினார்கள். திரைக்கு அப்பால் இருப்பவர் மைக்கைத் தேடி, மியூட்டை எடுத்து, பேசலாமா என்று தயங்கிப் பின்தான் பேச வேண்டும். எனவே மூன்று வினாடி போதாது. நான் பத்து வரை மனத்துக்குள் எண்ணச் சொல்வேன். முதல் வாரத்தில் அந்தப் பத்து வினாடி ஒரு யுகமாகத் தெரியும்.

அடுத்தது கேள்வியின் அமைப்பு. ‘எல்லோருக்கும் புரிந்ததா?’ என்பது கேள்வியே அல்ல. அதற்கு மௌனம்தான் சரியான விடை. ‘இந்த மூன்று தீர்வுகளில் ஒன்றில் பிழை இருக்கிறது, எது என்று எண்ணை மட்டும் எழுதுங்கள், நான் சொல்லும் வரை அனுப்பாதீர்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்புவதால் முதலில் பேசுபவருக்கு இருக்கும் அச்சம் யாருக்கும் இல்லை. ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதவும் முடியாது.

விடைகள் வந்த பின் உடனே ‘இரண்டாவதுதான் சரி’ என்று முடித்துவிடாதீர்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களிலிருந்து கையாண்ட சகமாணவர் கற்பித்தல் முறையில், மாணவர்கள் தனியே ஒரு விடையைத் தேர்ந்த பின் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடி மீண்டும் தேர்வார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் மட்டும் சரியாகச் சொன்ன கேள்விதான் இதற்கு ஏற்றது. எல்லோருக்கும் தெரிந்ததில் வாதாட ஒன்றும் இல்லை. யாருக்கும் தெரியாததில் வாதாட ஆளில்லை.

பிரேக்அவுட் அறைக்கு அனுப்பினால் அங்கேயும் மௌனம்தான். நான் உள்ளே நுழைந்தால் மட்டும் பேசுகிறார்கள்.

காணொலி வகுப்புக்குள் மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்பும் தனி அறைதான் பிரேக்அவுட் அறை. ‘இதைப் பற்றிக் கலந்துபேசுங்கள்’ என்று அனுப்பினால் அப்படித்தான் நடக்கும். திரும்பி வரும்போது கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும்: பகிர்ந்த ஆவணத்தில் அந்தக் குழுவின் பெயருக்கு எதிரே ஒரு வாக்கியம், ஒரு வரைபடம், வரிசைப்படுத்திய ஐந்து சொற்கள். மூன்று அல்லது நான்கு பேர் போதும். ஆறு பேரானால் இருவர் ஒளிந்துகொள்வார்கள். எழுதுபவர் யார் என்பதை நீங்களே முடிவு செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்கே நேரம் போய்விடும். ஆவணத்தைத் திறந்து வைத்திருந்தால் எந்த அறை அசையாமல் நிற்கிறது என்பது உள்ளே நுழையாமலேயே தெரியும். ஒரே குழுவைச் சில வாரங்கள் மாற்றாமல் வைத்திருப்பதும் உதவும். முன்பின் அறியாதவரோடு ஐந்து நிமிடத்தில் யாராலும் மனம் திறக்க முடியாது.

காணொலிப் பாடம் எவ்வளவு நீளம் இருக்கலாம்? ஆறு நிமிடம்தான் என்கிறார்களே?

அந்த ஆறு நிமிடத்துக்கு மூலம் 2014-இல் வந்த ஓர் ஆய்வு. பிலிப் குவோவும் உடனாய்வாளர்களும் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் நான்கு பாடங்களைச் சேர்ந்த 69 இலட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்தபோது, காணொலி எவ்வளவு நீண்டாலும் மாணவர்கள் அதில் செலவிட்ட நேரத்தின் இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு, ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. தாமாகச் சேர்ந்து, எப்போது வேண்டுமானாலும் விலகிவிடக்கூடிய இலவசப் பாடங்களின் மாணவர்கள் அவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். எனவே ஆறு என்பது விதியல்ல. ஒரு காணொலியில் ஒரே கருத்து என்பதுதான் என் விதி. பெரும்பாலான கருத்துகள் பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அடங்காதவற்றைப் பிரித்து, இடையில் ஒரு கேள்வியை வையுங்கள்.

நீளத்தைவிட வேறு சில பெரிதாகக் கெடுக்கின்றன. சிலைடில் பத்தி பத்தியாக எழுதிவிட்டு அதையே வாசிப்பது அவற்றில் தலையானது. கண் ஒரு வேகத்திலும் காது ஒரு வேகத்திலும் ஓட, இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும். பல்லூடகக் கற்றலை ஆராய்ந்த ரிச்சர்ட் மேயர் இதை மிகைத்தன்மை என்ற பெயரில் விளக்கியிருக்கிறார். படத்தைக் காட்டிப் பேசுங்கள், அல்லது உரையைக் கொடுத்துப் படிக்க விடுங்கள். செவித்திறன் குறைந்தவர்களுக்கும் வேறு மொழி பேசுபவர்களுக்கும் வேண்டிய வசன வரிகள் இதில் சேராது. அவை வேண்டுபவர் திறந்துகொள்ளும்படி தனியே இருக்கட்டும்.

காணொலியை முன்கூட்டியே அனுப்பினால் யாரும் பார்க்காமல்தான் வகுப்புக்கு வருகிறார்கள். பிறகு நானே மறுபடி நடத்த வேண்டியிருக்கிறது.

மறுபடி நடத்துவதுதான் சிக்கலின் வேர். பார்க்காமல் வந்தாலும் ஆசிரியர் நடத்திவிடுவார் என்பதை மாணவர்கள் இரண்டே வாரத்தில் கற்றுக்கொள்கிறார்கள். பார்த்துவிட்டு வந்தவர் ஏமாளி ஆகிறார். 2007 வாக்கில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் பள்ளி ஒன்றின் வேதியியல் ஆசிரியர்கள் ஜொனாதன் பெர்க்மனும் ஆரன் சாம்ஸும் தம் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். வகுப்பைத் தவறவிட்டவர்களுக்காகச் செய்ததே முதலில். பின்னர் விளக்கத்தை வீட்டுக்கும் பயிற்சியை வகுப்புக்கும் மாற்றினார்கள். அந்த மாற்றத்தின் உயிர் வகுப்பில் நடக்கும் பயிற்சியில் இருக்கிறது, காணொலியில் இல்லை.

காணொலியோடு ஒரே ஒரு கேள்வியை இணையுங்கள்; விடையை வகுப்பு தொடங்குமுன் அனுப்ப வேண்டும். ‘இதில் உங்களுக்குக் குழப்பமாக இருந்த இடம் எது?’ என்பதே நல்ல கேள்வி. வகுப்பை அந்தக் குழப்பங்களிலிருந்து தொடங்குங்கள். பார்க்காமல் வந்தவர்களை ஓரமாக அமர்ந்தோ தனி அறையில் இருந்தோ முதல் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். கடிந்துகொள்ள வேண்டாம், நடத்தவும் வேண்டாம்.

அடிக்கடி சிறு வினாத்தாள் வைக்கச் சொல்கிறீர்கள். அது மாணவர்களைப் பயமுறுத்தாதா?

மதிப்பெண்ணுக்காக வைத்தால் பயமுறுத்தும். இங்கே வினா கற்றலின் கருவி. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பத்தியை இரண்டு முறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து அவர்கள் நினைவுகூர்ந்தது 42 விழுக்காடு. ஒருமுறை படித்துவிட்டு ஒருமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் நினைவுகூர்ந்தது 56 விழுக்காடு. 2013-இல் வந்த மற்றோர் ஆய்வு, பதிவு செய்த விரிவுரையின் இடையிடையே சிறு வினாக்கள் வைத்தபோது மாணவர்களின் மனம் அலைவது குறைந்ததையும், அவர்கள் கூடுதலாகக் குறிப்பெடுத்ததையும் காட்டியது.

மூன்று கேள்விகள் போதும். ஒன்று இன்றைய பாடத்திலிருந்தும், ஒன்று சென்ற வாரத்திலிருந்தும், ஒன்று சென்ற மாதத்திலிருந்தும் இருக்கட்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்று விடுங்கள்.

மாணவர்களே ‘செயல்பாடெல்லாம் வேண்டாம், நீங்களே சொல்லிக் கொடுத்துவிடுங்கள், அதுதான் புரிகிறது’ என்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டாமா?

கேட்க வேண்டும், நம்ப வேண்டியதில்லை. 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஆனால் ‘எவ்வளவு கற்றீர்கள்?’ என்று கேட்டபோது தெளிவான விரிவுரையைக் கேட்டவர்களே கூடுதலாகக் கற்றதாக நினைத்தார்கள். வழுக்கிக்கொண்டு போகும் விளக்கம் புரிந்துவிட்ட உணர்வைத் தருகிறது. திணறல் புரியாத உணர்வைத் தருகிறது. இந்தச் செய்தியையே முதல் வாரத்தில் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். தன் திணறலுக்குக் காரணம் தெரிந்தவர் அவ்வளவு எளிதில் முகம் சுளிப்பதில்லை.

நல்ல இணைய வசதி இல்லாத மாணவர்களை என்ன செய்வது? அவர்களுக்காக மற்றவர்களை நிறுத்தி வைக்க முடியுமா?

கணக்கைப் பாருங்கள். வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொலி வகுப்பு ஒரு மணி நேரத்தில் 450 மெகாபைட்டை விழுங்கும். வினாடிக்கு 64 கிலோபிட் ஒலிக்கு அதே ஒரு மணி நேரத்தில் சுமார் 29 மெகாபைட் போதும். சில பக்கங்கள் கொண்ட எழுத்துக் குறிப்பு ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். எனவே பாடத்தின் முதுகெலும்பை எழுத்திலும் ஒலியிலும் அமையுங்கள். நேரலைக் காணொலியை, ஒருவரோடொருவர் பேசியே ஆக வேண்டிய வேலைக்கு மட்டும் வையுங்கள். குடும்பத்துக்கே ஒரு கைபேசி என்றிருக்கும் வீடுகளில் நேரம்தான் பெரிய தடை. ஒப்படைப்புக்கு ஒரு மணி நேரத்துக்குப் பதில் மூன்று நாள் அவகாசம் கொடுத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

மற்றவர்களை நிறுத்தி வைப்பதாகவும் ஆகாது. குறைந்த வசதிக்கென வடிவமைத்த பாடம் எல்லோருக்கும் வேகமாகத் திறக்கிறது. வளாகத்துக்கு வரும் நாளில் கோப்புகளைப் பென்டிரைவில் ஏற்றிக்கொடுப்பதும் கலப்புக் கற்றலே.

பாதிப்பேர் வகுப்பறையில், பாதிப்பேர் வீட்டில். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நடத்தச் சொல்கிறது நிர்வாகம். முடியுமா?

முடியும், ஆனால் தனி ஒருவரால் நன்றாகச் செய்ய முடியாது. சான்பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரையன் பீட்டி உருவாக்கிய ஹைஃபிளெக்ஸ் முறையில், எந்த வழியில் பங்கேற்பது என்பதை மாணவரே தேர்ந்துகொள்கிறார். எந்த வழியும் மற்றதற்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த அடிப்படையை விட்டுவிட்டு, வகுப்பறையின் மூலையில் ஒரு கேமராவை மட்டும் மாட்டுவதையே பல இடங்களில் பார்க்கிறேன். வீட்டில் இருப்பவர் அப்போது ஆசிரியரின் முதுகையும் எதிரொலியையும் மட்டுமே பெறுகிறார்.

தவிர்க்க முடியாவிட்டால் முதல் செலவை மைக்குக்குச் செய்யுங்கள். மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், கேட்காத குரலைப் பொறுக்க முடியாது. வகுப்பறை மாணவர் ஒருவரை முறைவைத்து அரட்டைப் பெட்டியின் குரலாக நியமியுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முதல் விடை திரையிலிருந்து வரட்டும். வகுப்பறையில் இருப்பவர்கள் எப்படியும் பேசிவிடுவார்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கி ஒப்படைக்கிறார்கள். கண்டுபிடிக்கிற மென்பொருள் எது நல்லது?

எதையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நம்ப முடியாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இத்தகைய கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளை இத்தகைய கருவிகள் அடிக்கடி இயந்திரத்தின் எழுத்து என்று தவறாக முத்திரை குத்தியதை அந்த ஆண்டு ஓர் ஆய்வு காட்டியது. எளிய சொற்களில் எழுதியதே அவர்கள் செய்த குற்றம்.

இறுதிப் பிரதியை மட்டும் வாங்கும் ஒப்படைப்பு இனிப் பயன்படாது என்பதே என் முடிவு. குறிப்பு, முதல் வரைவு, மாற்றியதற்கான காரணம் என்று படிப்படியாக வாங்குங்கள். வரைவை வகுப்பு நேரத்திலேயே எழுத விடுங்கள். ஐயம் எழுந்தால் மாணவரை அழைத்து ஐந்து நிமிடம் அவர் எழுதியதைப் பற்றியே பேசுங்கள். குற்றச்சாட்டாக வேண்டாம், ஆர்வமாகக் கேளுங்கள். சொந்தமாக எழுதியவருக்கு அது மகிழ்ச்சியான உரையாடல்.

என் வகுப்பில் 60 பேர். எல்லோருக்கும் பின்னூட்டம் எழுத எனக்கு ஏது நேரம்?

ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றாலே பத்து மணி நேரம். எந்த ஆசிரியரும் அதை வாராவாரம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் பிட்மனின் மறுபாதி இதுதான் என்பதால் கைவிடவும் முடியாது.

முதலில் பத்து ஒப்படைப்புகளை மட்டும் படியுங்கள். பொதுவான மூன்று பிழைகள் அதற்குள் தெரிந்துவிடும். அவற்றைப் பற்றி முழு வகுப்புக்கும் ஐந்து நிமிட ஒலிப்பதிவு அனுப்பி, ஒவ்வொருவரும் தம் தாளைத் தாமே திருத்தி மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள். அதன் பின் மீதியைப் பார்த்தால் வேலை பாதியாகியிருக்கும். தனிப்பட்ட குறிப்பை வாரத்துக்குப் பதினைந்து பேருக்கு முறைவைத்து எழுதினால், நான்கு வாரத்தில் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது உங்கள் கையெழுத்தைப் பார்த்திருப்பார்கள். ஒரு குறிப்பில் ஒரு பிழைக்கு மேல் சுட்டாதீர்கள். ஏழு பிழை சுட்டிய தாளை மாணவர் மூடிவைத்துவிடுவார்.

இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப்பில் கேள்வி வருகிறது. பதில் சொல்லாவிட்டால் அக்கறை இல்லாதவர் என்கிறார்கள்.

எப்போது பதில் வரும் என்று தெரியாததால்தான் மாணவர் மீண்டும் மீண்டும் கேட்கிறார். ‘வேலைநாளில் 24 மணி நேரத்துக்குள் பதில் வரும், மாலை ஏழு மணிக்குப் பின் பார்ப்பதில்லை’ என்று முதல் நாளே எழுதிப் போட்டு, அதைத் தவறாமல் காப்பாற்றுங்கள். பாடம் பற்றிய கேள்விகள் தனிச்செய்தியாக வராமல் பொதுவான ஐயப்பலகைக்கு வரட்டும். அங்கே மாணவர்களே ஒருவருக்கொருவர் விடை சொல்லத் தொடங்குவார்கள். தொடக்கத்தில் நீங்கள் வேண்டுமென்றே சற்றுத் தாமதித்தால்தான் அது நடக்கும்.

நாங்கள் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தோம், புதிய தளமும் வாங்கினோம். பழையபடியேதான் நடத்துகிறார்கள். ஏன்? (ஒரு நிர்வாகி கேட்டது)

பயிற்சியில் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டபோது தளத்தின் பொத்தான்களை என்றார். புனியா மிஷ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இல் விளக்கியது போல, ஆசிரியருக்குத் தொழில்நுட்ப அறிவு, கற்பித்தல் அறிவு, பாட அறிவு மூன்றும் ஒன்றோடொன்று கலந்து வேண்டும். பின்னங்களைக் கற்பிப்பவருக்கும் கவிதையைக் கற்பிப்பவருக்கும் அதே கருவி வேறு வேறு வேலை செய்கிறது. இருவரையும் ஒரே அரங்கில் அமர்த்திப் பொத்தான்களைக் காட்டினால் இருவருக்கும் பயனில்லை.

தொடர் வழிகாட்டல் இதைவிட நன்றாகப் பலன் தருகிறது. 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான கட்டுரை ஒன்று, ஆசிரியரின் வகுப்பை நேரில் கவனித்துக் கருத்துச் சொல்லும் வழிகாட்டலால் கற்பித்தலும் மாணவர் தேர்ச்சியும் மேம்பட்டதைக் காட்டியது. திட்டம் பெரிதாகப் பெரிதாக அந்தப் பயன் குறைந்ததையும் காட்டியது. எனவே சிறிதாகத் தொடங்குங்கள். ஒரே பாடத்தை நடத்தும் இருவரை இணைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்கட்டும். அந்தக் குறிப்பு நிர்வாகத்திடம் போகக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைக் கழியுங்கள். புதிய முறையைச் சேர்த்தீர்கள், எதை எடுத்தீர்கள்? இந்தக் கேள்விக்கு இதுவரை ஒரே ஒரு நிர்வாகியிடமிருந்துதான் எனக்கு உடனடி விடை கிடைத்தது: வாராந்திர அறிக்கை ஒன்றை அவர் நிறுத்தியிருந்தார். வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தை ஆசிரியரின் அட்டவணையில் பாடத் தயாரிப்புக்கென ஒதுக்காத வரை, எந்தப் பயிற்சியும் விடுமுறை நாள் வேலையாகவே மாறும்.

தளத்தில்தான் எல்லாத் தரவும் இருக்கிறதே. யார் எத்தனை காணொலி ஏற்றினார், எத்தனை முறை உள்நுழைந்தார் என்று பார்த்து ஆசிரியரை மதிப்பிடலாமா?

மதிப்பிடத் தொடங்கிய மறுமாதமே காணொலிகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்; கற்றல் இருந்த இடத்தில் இருக்கும். வருகைப்பதிவைப் பற்றி மேலே சொன்னது ஆசிரியருக்கும் பொருந்தும்: உள்நுழைவு என்பது கருவியின் இருப்பு. பார்க்க வேண்டுமானால் மாணவர் செய்த வேலையின் மாதிரிகளைப் பாருங்கள், அதுவும் அந்த ஆசிரியரோடு அமர்ந்து. தரவுக்கு வேறொரு நல்ல பயன் உண்டு. அடுத்த கேள்வியில் அது வருகிறது.

சத்தமில்லாமல் காணாமல் போகும் மாணவர்களை எப்படிப் பிடிப்பது? தெரியவரும்போது பாதிப் பருவம் முடிந்துவிடுகிறது.

வகுப்பறையில் காலி இருக்கை கண்ணில் படும். திரையில் காலி இருக்கை கிடையாது. அதனால் காலியிடத்தை நாமே உருவாக்க வேண்டும். முதல் வாரத்திலேயே இரண்டு நிமிடத்தில் முடியும் சிறு ஒப்படைப்பு ஒன்றைக் கொடுங்கள். அதைச் செய்யாதவர்களின் பட்டியலே உங்கள் முதல் எச்சரிக்கை. அதன் பின் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், இரண்டு ஒப்படைப்புகளைத் தொடர்ந்து தவறவிட்டவர்களை மட்டும் தளத்தில் வடிகட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. இரண்டுக்கு மேல் காத்திருந்தால், பின்தங்கியதன் வெட்கமே திரும்பி வரத் தடையாகிவிடுகிறது.

செய்தியின் சொற்களில் கவனம் வேண்டும். தொடக்கத்தில் நானும் ‘நீங்கள் மூன்று ஒப்படைப்புகளை அனுப்பவில்லை, உடனே அனுப்பவும்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். பதில் வந்ததே இல்லை. இப்போது இப்படி எழுதுகிறேன்: ‘இரண்டு வாரமாக உங்களைக் காணவில்லையே என்று எழுதுகிறேன். பழைய ஒப்படைப்புகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இந்த வாரத்திலிருந்து சேர்ந்துகொள்ளலாம். தடையாக இருப்பது நேரமா, இணைப்பா, பாடமா, வேறா? ஒரு சொல்லில் பதில் போட்டாலும் போதும்.’ ஒரு சொல் என்று கேட்பதால் பலர் எழுதிவிடுகிறார்கள். ‘வேறு’ என்று மட்டும் வந்தால் அன்றே தொலைபேசியில் அழைத்துவிடுவேன்.